விழுந்தாலும் வெடிக்கக் கூடாது!

சினிமாவில் பார்த்திருப்பீங்க. கிளைமாக்ஸ் சண்டை. வில்லன் கையிலிருந்து ரிவால்வர் தெறிச்சு விழும். சிமென்ட் தரையில் சறுக்கிக்கிட்டே போய் ஹீரோயின் காலடியில் நிற்கும். அவங்க நடுங்கிக்கிட்டே அதை எடுத்து நீட்டுவாங்க. தியேட்டர் முழுக்க விசில் பறக்கும்.

அந்த நேரத்தில் நம்மில் யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கோமா? அவ்வளவு வேகமா தரையில் விழுந்த துப்பாக்கி, ஏன் தானா வெடிக்கலை?

சினிமாவில் வெடிக்காததுக்குக் காரணம், அது டம்மி. நிஜ ரிவால்வர் வெடிக்காமல் இருந்தா அதுக்குக் காரணம், உள்ளே ஒளிஞ்சிருக்கும் ஒரு சின்னத் தகடு. ஐஸ்க்ரீம் குச்சியை விடச் சின்னது. இந்த வாரம் நம்ம ஹீரோ அந்தத் தகடுதான். அது இன்றைய வடிவத்துக்கு வந்ததுக்குப் பின்னால் ஒரு உயிர் போயிருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க ஃப்ரெண்ட்ஸ்.

கோட்டில் ஓட்டை!

1876-ம் வருஷம், ஜனவரி 9. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்கிற ஊர். அங்கே ஒரு சலூன். முடிவெட்டுற சலூன் இல்லீங்க, மதுக்கடை. பின்பக்க அறையில் ரெண்டு மூணு பேரோடு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். பெயர் வையட் எர்ப். பின்னாளில் ஹாலிவுட் கௌபாய் படங்களில் பெரிய ஹீரோவாகப் போகிறவர்.

அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. விழுகிற வழியில் அதன் சுத்தியல் நாற்காலியில் இடிச்சது. டமால்! குண்டு அவருடைய கோட்டைத் துளைச்சு, சுவரில் பட்டுத் திரும்பி, கூரை வழியா வெளியே போயிடுச்சு. அறையில் இருந்தவங்க எடுத்தாங்க பாருங்க ஓட்டம்! உள்ளூர் பத்திரிகையில் செய்தியே வந்தது.

யாரும் விசையைத் தொடலை. அப்புறம் எப்படி வெடிச்சது?

ரிவால்வரின் பின்பக்கம் கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுதான் சுத்தியல். ஹேமர்னு சொல்வாங்க. விசையை இழுத்தால் அது ஸ்பிரிங் வேகத்தில் முன்னால் பாய்ந்து அடிக்கும். அதன் மூக்கில் ஒரு ஊசி. அது தோட்டாவின் பின்புறம் நடுவில் இருக்கும் ப்ரைமரைக் குத்தும். தீபாவளிக்கு நாம கல்லால் தட்டி வெடிச்ச பொட்டு வெடி ஞாபகம் இருக்கா? ப்ரைமரும் அந்த ஜாதிதான். தட்டினால் பொறி பறக்கும். அந்தப் பொறி வெடிமருந்தைப் பற்ற வைக்கும். குண்டு கிளம்பும்.

அந்தக் காலத்து ரிவால்வர்களில் சுத்தியல் சும்மா சாய்ஞ்சிருக்கும்போதே ஊசி நேரா ப்ரைமரைத் தொட்டுக்கிட்டு இருக்கும். ஆணியைச் சுவரில் வெச்சுட்டு, பின்னால் ஒரு தட்டு தட்டினால் என்ன ஆகும்? அதேதான்.

1873-ல் வந்த புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரில் இதுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. சுத்தியலைக் கொஞ்சமா பின்னால் இழுத்தால் ஒரு பள்ளத்தில் மாட்டி நிற்கும். ஆனா அந்த இடத்தில் உலோகம் ரொம்ப மெல்லிசு. பலமா அடிபட்டால் உடைஞ்சு போகும். அதனால விவரம் தெரிஞ்சவங்க இன்னொரு வழி வெச்சிருந்தாங்க. ஆறு தோட்டா போடற ரிவால்வரில் அஞ்சு மட்டும் போட்டு, சுத்தியலுக்கு நேரா இருக்கும் அறையைக் காலியா விட்டுடுவாங்க. பல வருஷமா உலகத்தின் 'சேஃப்டி சிஸ்டம்' இதுதான். ஆனா அது ஓடினது இரும்பை நம்பி இல்லை, மனுஷனோட ஞாபகத்தை நம்பி. நம்ம ஞாபகம் எப்படின்னு எக்ஸாம் ஹாலில் தெரியுமே!

விளம்பரமும் விபரீதமும்

'மனுஷன் மறந்தாலும் மெஷின் மறக்கக் கூடாது' என்று சில கம்பெனிகள் யோசிச்சாங்க. அமெரிக்காவின் ஐவர் ஜான்சன் கம்பெனி 1890-களில் ஒரு அழகான வழி கண்டுபிடிச்சது. சுத்தியலால் ஊசியை நேரடியா தொடவே முடியாது. நடுவில் இடைவெளி. விசையை முழுசா இழுத்தால் மட்டும் ஒரு சின்னக் கட்டை மேலே எழும்பி, சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். வாய்க்கால் மேல் பலகை போட்டால்தானே தாண்டலாம்? விசையை விட்டால் பலகை போயிடும். அவ்வளவுதான் டெக்னிக்.

கம்பெனிக்கு ஏக குஷி. 'எங்க துப்பாக்கியின் சுத்தியலை நிஜ சுத்தியலாலேயே அடிச்சுப் பாருங்க, வெடிக்காது' என்கிற ரீதியில் விளம்பரம் பண்ணினாங்க. 1904-ல் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் இன்னைக்கு வயிறு கலங்கும். கட்டிலில் ஒரு சின்னப் பொண்ணு, கையில் ரிவால்வர்!

இத்தனைக்கும் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1901 செப்டம்பரில், அமெரிக்க ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லியை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தது இதே கம்பெனியின் 'சேஃப்டி' ரிவால்வர். இங்கே ஒரு கோடு போட்டுக்கங்க. சேஃப்டி பாகம் காப்பாத்துவது விபத்திலிருந்து மட்டும்தான். விசையில் விரல் வெச்சுட்டா, அது குழந்தை விரலா, கொலைகாரன் விரலான்னு அந்தக் கட்டைக்குத் தெரியாது.

கிரீஸ் செய்த கொலை

இப்போ நம்ம ஹீரோ என்ட்ரி. இரண்டாம் உலகப்போர் நேரம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 'விக்டரி மாடல்' என்கிற .38 ரிவால்வரை லட்சக்கணக்கில் தயாரிச்சது. விக்டரிக்கு அடையாளமா சீரியல் நம்பருக்கு முன்னால் 'வி' என்ற எழுத்து. அமெரிக்கக் கடற்படைக்குப் போனது கொஞ்சம். பிரிட்டனுக்கும் அதன் கூட்டாளி நாடுகளுக்கும் போனது 5 லட்சத்துக்கும் மேல்.

விக்டரியில் விழுந்தால் வெடிக்காமல் இருக்க ரெண்டு தடுப்பு உண்டு. ஒண்ணு, விசையை விட்டதும் முன்னால் வந்து சுத்தியலின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்புத் துண்டு. ரீபவுண்ட் ஸ்லைடுன்னு பெயர். ரெண்டாவது, ஹேமர் பிளாக். அதாவது சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வந்து நிற்கும் தகடு. பலமான அடியில் முதல் தடுப்பு தாங்காமல் போனாலும், ரெண்டாவது தடுப்பு ஊசியைத் தோட்டா பக்கம் போக விடாது. டபுள் பாதுகாப்பு. அப்புறம் என்ன பயம்?

1944. போர்க்கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் ஒரு விக்டரி ரிவால்வர் கை தவறி விழுந்தது. வெடிச்சது. ஒரு மாலுமி செத்துப்போனார். எதிரி இல்லை, சண்டை இல்லை. கீழே விழுந்த ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான்.

விசாரணையில் துப்பாக்கியைத் திறந்து பார்த்தாங்க. ஹேமர் பிளாக் உள்ளேயேதான் இருந்தது. உடையலை, தொலையலை. ஆனா இருக்க வேண்டிய இடத்துக்கு அது வரலை. துப்பாக்கி துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் கெட்டியாகி, தகட்டை ஓரமாப் பிடிச்சு ஒட்டி வெச்சிருந்தது.

ஏன் அப்படி? பழைய டிசைனில் விசையை இழுக்கும்போது தகடு ஓரமா தள்ளப்படும். விசையை விட்டதும் மறுபடி நடுவில் வரணும். அப்படி வர அதுக்கு இருந்தது சொந்த ஸ்பிரிங் விசை மட்டும்தான். தக்கனூண்டு ஸ்பிரிங். சுத்தமான துப்பாக்கியில் பிரச்னை இல்லை. பிசுபிசுன்னு கெட்டியான கிரீஸோட மல்லுக்கட்ட அதால முடியலை. காப்பாத்தப் பூசின கிரீஸ், காப்பாத்தற பாகத்தைக் கட்டிப்போட்டுடுச்சு.

போர் நடந்துக்கிட்டு இருக்கு. கடற்படை கோபத்தில் இருக்கு. கம்பெனி ராத்திரி பகலா உட்கார்ந்து, சீக்கிரமே புது ஹேமர் பிளாக்கைக் கொண்டு வந்தது. இது தனி ஸ்பிரிங்கை நம்பலை. தகட்டின் கீழ்முனையில் ஒரு சாய்வான துளை. அதில் ரீபவுண்ட் ஸ்லைடின் ஒரு முளை மாட்டிக்கிட்டு இருக்கும். விசையை இழுத்தால் அந்த முளை தகட்டைக் கீழே இழுக்கும். விசையை விட்டால் அதே முளை தகட்டை மேலே தள்ளும். தகடு வர்றதும் போறதும் அதன் இஷ்டம் இல்லை. விசை முன்னால் வந்தால் தகடும் மேலே வந்தே ஆகணும். மெக்கானிக்கல் படிக்கிற நண்பர்களே, உங்க வகுப்பில் 'பாசிட்டிவ் டிரைவ்'னு சொல்வாங்களே, அதுதான் இது. புது தகடு போட்ட துப்பாக்கிகளின் நம்பரில் 'வி'யோடு 'எஸ்' என்ற எழுத்தும் சேர்ந்தது. 80 வருஷம் தாண்டியும் அந்தக் கம்பெனி ரிவால்வர்களில் இந்தக் குடும்பத் தகடுதான் வேலை செய்யுது.

பாலீஷ் அப்புறம், பரிசோதனை முதலில்

இனிமேல்தான் மேட்டரே. அமெரிக்காவில் இந்தப் பழைய விக்டரி ரிவால்வர்களை வாங்கிப் புதுப்பிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. நம்ம ஊரில் பழைய புல்லட்டை எடுத்து ரீஸ்டோர் பண்றாங்களே, அந்த மாதிரி. அங்கேயும் புதுசா வர்றவங்க முதலில் நினைக்கிறது பளபளப்பைத்தான். துருவைத் தேய்க்கணும், பாலீஷ் போடணும், புதுசு மாதிரி ஜொலிக்கணும்! அனுபவசாலிகள் அதைக் கடைசிக்குத் தள்ளிடுவாங்க. புதுசா கலர் ஏத்தினால் பழம்பொருள் மதிப்பே போயிடும்னு அவங்களுக்குத் தெரியும்.

அவங்க ஆர்டரே வேற. முதல் வேலை, சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியான்னு கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. ரெண்டாவது, பக்கவாட்டு மூடியைத் திறப்பது. நாலு ஸ்க்ரூ. அளவு சரியான ஸ்க்ரூ டிரைவர் வேணும். ஸ்க்ரூவைக் கழட்டினதும் நெம்பி எடுத்தால் காலி, அப்புறம் அது ஜென்மத்துக்கும் சரியா மூடாது. கைப்பிடிச் சட்டத்தில் மரச்சுத்தியலால் லேசா தட்டினால், அதிர்வில் மூடி தானா எழும்பும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் பல நேரம் கெட்டிப்பட்ட பழுப்புப் பிசின். பல வருஷத்துக் கிரீஸ். 1944-ல் ஒரு ஆளைக் கொன்ற அதே வில்லன். கரைப்பானில் ஊறவைத்து அதை முழுசா எடுக்கணும். அப்புறம் ஹேமர் பிளாக்கைப் பார்க்கணும். எந்த டிசைன்? சுதந்திரமா நகருதா? முதலில், அது இருக்கா?

சிரிக்காதீங்க. பல துப்பாக்கிகளில் அது இருக்காது! முன்னால் யாரோ திறந்து, திரும்ப மாட்டத் தெரியாமல் டிராயரில் போட்டிருப்பாங்க. இன்னும் சிலர், விசை இன்னும் ஸ்மூத்தா இருக்கட்டும்னு வேணும்னே கழட்டியிருப்பாங்க. இதில்தான் பெரிய ஆபத்து இருக்கு. ஊசி இல்லைன்னா துப்பாக்கி சுடாது, உடனே தெரிஞ்சிடும். ஸ்பிரிங் இல்லைன்னா சுத்தியல் அடிக்காது, தெரிஞ்சிடும். ஹேமர் பிளாக் இல்லைன்னா? துப்பாக்கி ஜம்முனு சுடும். வருஷக்கணக்கில் சுடும். அது இல்லைங்கறது கீழே விழற அந்த ஒரு நாள்தான் தெரியும்.

அதைவிட ஒரு வேடிக்கை சொல்றேன். சிலர் 'நான் செக் பண்ணிட்டேன்'னு சொல்வாங்க. எப்படின்னா, காலித் துப்பாக்கியில் விசையைத் தொடாமல் சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னால் அழுத்தி, ஊசி வெளியே வருதான்னு பார்ப்பாங்க. வராது. டெஸ்ட் பாஸ்! ஆனா அங்கே சுத்தியலைத் தடுத்தது யாரு? முதல் தடுப்பான ரீபவுண்ட் ஸ்லைடு. ஹேமர் பிளாக் இல்லாத துப்பாக்கியும் இந்த டெஸ்டில் பாஸ் ஆகிடும்! நண்பன் போட்ட ப்ராக்ஸியில் நீங்க பிரசன்ட் ஆன மாதிரி.

அப்போ எது சரியான டெஸ்ட்? புது வகைத் தகடுன்னா, காலித் துப்பாக்கியில் விசையை மெதுவா இழுத்துக்கிட்டே, சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். தகடு கீழே இறங்குவது தெரியணும். விட்டதும் மேலே வரணும். காதுக்கும் ஒரு க்ளூ உண்டு. துப்பாக்கியை லேசா குலுக்கினால் உள்ளே 'கிணுக்' என்று ஒரு மெல்லிய சத்தம். புதுசா வாங்கினவங்க 'ஐயோ, ஏதோ லூஸா இருக்கே'ன்னு பதறுவாங்க. அனுபவசாலிகள் சிரிப்பாங்க. அது தகடு போடற அட்டெண்டன்ஸ். பழைய ஸ்பிரிங் டிசைனுக்கு இந்த ஷார்ட்கட் எல்லாம் கிடையாது. திறந்து, சுத்தம் பண்ணி, நகருதான்னு கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

மத்த சோதனைகளும் உண்டு. சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல் அழுத்திப் பார்க்கணும். நழுவினால் உள்ளே தேய்மானம். சுத்தியல் முழுசா பின்னால் போகும்போது சிலிண்டர் குழலுக்கு நேரா வந்து பூட்டிக்கணும். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. இன்னொண்ணு, பிரிட்டனுக்குப் போன விக்டரிகளின் தோட்டா வேற அளவு. போருக்கு அப்புறம் அவற்றில் பலவற்றை அமெரிக்கத் தோட்டா நுழையற மாதிரி துளையை ஆழமாக்கி வித்தாங்க. அறை அகலமா இருப்பதால் தோட்டாக்கூடு உள்ளே உப்பும், சில நேரம் பிளக்கும். குழலில் பொறிச்ச எழுத்தை மட்டும் நம்பாமல் அறையை அளந்து பார்ப்பவர்தான் நல்ல கன்ஸ்மித்.

இங்கே ரசிகர்களுக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கும். 'ஒரிஜினலா வெச்சுக்கறதா, சேஃபா மாத்தறதா?' ரூகர் கம்பெனி இதை அழகா சமாளிச்சது. அவங்க பழைய கௌபாய் டைப் ரிவால்வர்களும் அஞ்சு தோட்டா ஃபார்முலாவில் ஓடினவைதான். 1973-ல் புது மாடலில் கடத்தும் கட்டை வந்தது. அப்புறம், பழைய துப்பாக்கியை அனுப்பினால் புது பாகங்களை இலவசமா மாட்டித் தர்றோம்னு அறிவிச்சாங்க. கழட்டின பழைய பாகங்களையும் கூடவே திருப்பி அனுப்புவாங்க. மதிப்பும் பத்திரம், ஆளும் பத்திரம்.

தாத்தா பெட்டியில் கிடைச்சா?

இதைப் படிச்சுட்டு 'ஊரில் தாத்தாவோட பழைய பெட்டியில் ஒண்ணு இருக்கே, திறந்து பார்க்கலாமா?'ன்னு யாருக்காவது கை அரிச்சால், ப்ளீஸ், வேண்டாம். நம்ம நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வெச்சிருப்பதே குற்றம். பழுது பார்க்கவும் தனி லைசென்ஸ் வேணும். கையில் எடுக்காதீங்க, திறக்காதீங்க, ஸ்டேட்டஸில் போட்டோ போடாதீங்க. வீட்டுப் பெரியவங்க கிட்ட சொல்லி, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்க. லைசென்ஸ்தாரர் இறந்துட்டா, அந்தத் துப்பாக்கியைத் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கணும். அறுபது வருஷத்துக் கிரீஸும், உள்ளே இருக்கோ இல்லையோன்னு தெரியாத ஒரு தோட்டாவும்... அந்த ரிஸ்க் நமக்கு வேண்டாம் பாஸ்.

அப்போ இந்தத் தகட்டுக் கதை நமக்கு எதுக்கு?

அந்த மாலுமி செத்தது சேஃப்டி பாகம் இல்லாததால் இல்லை. இருந்தும் வேலை செய்யாததால். 'இருக்கா?' என்பது ஒரு கேள்வி. 'வேலை செய்யுதா?' என்பது வேற கேள்வி. முதல் கேள்விக்கு டிக் அடிச்சுட்டு நாம எல்லாரும் தூங்கப் போயிடறோம்.

உங்க ஹாஸ்டல் வராந்தாவில் சிவப்பு கலரில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்கும். தினமும் அதைக் கடந்துதான் மெஸ்ஸுக்குப் போறீங்க. அதன் தலையில் ஒரு சின்ன மீட்டர் இருந்தால், இன்னைக்கு ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. முள் பச்சையில் நிற்குதா? பக்கத்தில் தொங்கும் அட்டையில் கடைசியா செக் பண்ணின தேதி என்ன? முள் பச்சையில் இல்லைன்னா, தேதி எப்பவோ முடிஞ்சிருந்தா, நேரா போய் வார்டன் சார் கிட்ட சொல்லுங்க. கொஞ்சம் முறைப்பார். பரவாயில்லை.

துப்பாக்கியோ, தீயணைப்பு சிலிண்டரோ, காப்பாத்தற பாகம் கெட்டுப்போனால் அது சத்தம் போடாது. நாமதான் போய்ப் பார்க்கணும்.